நாத்தனார் வரும் நாளில் நாலு சென்டிமீட்டர்

சுரங்கத்துக்குள் என் நாத்தனார் சொல்வதுதான் சட்டம். வீட்டுக்குள் யார் சொல்வது சட்டம் என்பது பதினோரு வருஷமாக முடிவாகாத விஷயம்.

அவள் சர்வேயர். நான் கான்கிரீட் அடிக்கிறவள். ரயில் போவதற்காக ஒரு மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ரவுண்டும் இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டர் பாறையை உடைத்து வெளியே அள்ளியதும், புதிதாகத் திறந்த கூரை பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அது யார் தலையிலாவது விழுவதற்கு முன்னால் அதன் மேல் கான்கிரீட்டைத் தெளித்து, ஓடு மாதிரி மூடிவிட வேண்டும். லாரியில் வரும் கலவையைப் பம்ப் குழாய்க்குள் தள்ளும். குழாயின் முனையில் இருக்கும் நாசிலில் காற்றும் மருந்தும் சேரும். மருந்து என்று நாங்கள் சொல்வது, கலவையை ஒட்டிய இடத்திலேயே இறுக்கிவிடும் ஒரு திரவம். அது இல்லாவிட்டால் கூரையில் அடித்தது அதே வழியில் கீழே இறங்கி வந்துவிடும்.

நாசிலை நான் கையில் பிடிப்பதில்லை. நீளமான இயந்திரக் கை ஒன்று பிடித்துக்கொள்கிறது. நான் பின்னால், ஏற்கனவே இறுகிய கூரைக்கு அடியில், ரிமோட் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, இரண்டு பிடிகளால் அந்தக் கையை ஆட்டுகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் தட்டேந்தி எதையோ விற்க வந்தவள் மாதிரி இருக்கும். கீழிருந்து மேலே போக வேண்டும். சின்னச் சின்ன வட்டமாக, சுவரை நேருக்கு நேர் பார்த்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அடிக்க வேண்டும். சாய்வாக அடித்தால் ஒட்டாமல் தெறித்துத் தரையில் குவியும். ரொம்பக் கிட்டே போனாலும் தெறிக்கும். மனிதர்களிடம் பேசுவதற்கும் இப்படி ஒரு அளவை யாராவது முன்பே சொல்லித் தந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதற்கு முன் ஆறு வருஷம் ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலை பார்த்தேன். காலையில் மடித்ததை மாலைக்குள் நாற்பது பேர் கலைத்துவிடுவார்கள். இங்கே நான் அடித்தது அடித்தபடி நிற்கிறது. பிறகு அதன் மேல் தண்ணீர் புகாத விரிப்பு, அதற்கு மேல் இன்னொரு கான்கிரீட் சுவர் என்று மூடிவிடுவார்கள். ரயிலில் போகிற எவர் கண்ணிலும் என் வேலை படாது. அது எனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால், ரகசியமாக ஒரு நிம்மதி. யாரும் கலைக்க வர மாட்டார்கள்.

எட்டு மாதம் குழாய் கழுவிய பிறகு எனக்கு நாசிலைத் தந்தார்கள். முப்பது ரவுண்டு சோதனை. தேறினால் நான் நிரந்தரமாக நாசில் ஆள். இல்லாவிட்டால் பம்ப்புக்குப் போக வேண்டும். சனிக்கிழமை இருபத்தேழாவது ரவுண்டு முடிந்தது; திங்கட்கிழமை காலை ஃபோர்மன் தன் கன்டெய்னர் அறைக்குக் கூப்பிட்டார்.

மேஜையில் ஒரு வண்ணப் படம். சுரங்கத்தின் கூரையைப் பிளந்து விரித்துப் போட்ட மாதிரி. அடிப்பதற்கு முன் ஒரு தடவையும் அடித்த பின் ஒரு தடவையும் சர்வேயர் ஸ்கேன் செய்வார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் கான்கிரீட்டின் கனம். குறைவாக இருந்தால் நீலம், சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், ரொம்பக் கூடினால் சிவப்பு.

"இது என்ன?" என்றார் ஃபோர்மன்.

"கூரை சார்."

"இது கூரைன்னு எனக்கும் தெரியும். இது என்ன செவப்பு? யாராவது வெத்தலை போட்டுத் துப்பினாங்களா?"

படத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"நான் கேட்டது பதினஞ்சு சென்டிமீட்டர். ரெண்டு முன்னப்பின்ன இருந்தா கண்ணை மூடிக்கறேன். நீ பத்தொம்பது குடுத்திருக்க. நாலு எக்ஸ்ட்ரா. நான் கேட்டேனா?"

"கேக்கல சார்."

"விருந்தா போடறோம் இங்க? அடுத்த மாசம் உள்சுவரு வார்க்கற ஷட்டர் வண்டி உள்ள வரும். அது மண்டையில இடிச்சு நின்னா, ரெண்டு ஆளு ரெண்டு நாளு உக்காந்து உன் கான்கிரீட்டைக் கொத்தணும். பதினஞ்சு ரவுண்டு பச்சை, பன்னெண்டு ரவுண்டு செவப்பு. இதுல எது நீ?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை.

"இன்னும் மூணு ரவுண்டு இருக்கு. மூணும் பச்சையா வரணும். ஒண்ணு செவந்தாலும் நாசில் கொட்டாவிக்குப் போயிடும். நீ பம்ப்பைப் பாத்துக்க."

கொட்டாவி என்பவர் பம்ப்பை ஓட்டுகிறவர். ஐம்பது வயது. சுரங்கமே வாய் பிளந்து நிற்பது போதாது என்று தானும் பிளந்துகொண்டே இருப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கு எதுக்குத் தங்கச்சி நாசிலு? நின்னுக்கிட்டே பாக்கணும். பம்ப்புன்னா உக்காந்து பாக்கலாம். ஒழுங்கா அடிச்சு என்னைக் காப்பாத்து."

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் வந்துபோகும் நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம், தாழ்வாரத்துக் கடைசி அறை அவளுடையது. என் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். கூடத்தில் ஒரு மூலை முழுக்க யார் வீட்டு மோட்டார்களோ கழற்றிப் போட்டபடி கிடக்கும். அன்றும் ஒரு மோட்டாரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உங்களுக்கு என் மேல என்ன கோபம்?"

"எதைக் கேக்குற? இன்னிக்கு உள்ளதா, மொத்தமாவா?"

"விளையாடாதீங்க. இங்க வந்து பாருங்க."

இருபத்தேழு படங்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதியிருந்தது. சுரங்கத்தில் இரண்டு சர்வேயர்கள். திங்கள் முதல் புதன்வரை மீசை வருவார். வியாழன் முதல் சனிவரை நாத்தனார்.

"திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. புதன் பச்சை. வியாழன் செவப்பு. வெள்ளி செவப்பு. சனிக்கிழமை பாருங்க, நல்லா பழுத்திருக்கு. மீசை வர்ற நாளெல்லாம் பதினஞ்சு. நான் வர்ற நாளெல்லாம் பத்தொம்பது. ஒரு நாள் கூடத் தப்பல."

"தற்செயலா இருக்கும்."

"பன்னெண்டு தடவையா? செவப்பு வந்தா யாரு லிஃப்ட் கூடையில ஏறி மேல போயி பெயின்ட் அடிச்சுக் குறிக்கணும்? நானு. யாரு ரிப்போர்ட் எழுதணும்? நானு. யாரு வீட்டுக்கு லேட்டா வந்து, ஆறிப்போனதைத் தின்னணும்? அதுவும் நானு. மீசை அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயி காலை நீட்டிக்கிட்டு டிவி பாக்கறாரு. என்னை வேலை வாங்கணும்னே பண்றீங்க."

"ஏம்மா, உன்னை வேலை வாங்கணும்னா வீட்டுலயே வாங்க மாட்டேனா? பாத்திரம் கழுவச் சொன்னா போதாது? அதுக்கு ரெண்டு லாரி கான்கிரீட்டா கொட்டணும்?"

என் கணவர் மெதுவாக எழுந்து, மோட்டாரோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் சண்டை வரும்போதெல்லாம் அவர் அங்கேதான் போவார். அவருடைய நல்ல ரிப்பேர் வேலைகள் பாதி அங்கே நடந்தவை.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால் வேண்டுமென்று செய்யாத ஒன்றை ஒரு நாள் கூடத் தப்பாமல் பன்னிரண்டு தடவை செய்திருக்கிறேன். அப்படியானால் எனக்குள் வேறு யாரோ கணக்காக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். யார் அவள், யாரைக் கேட்டுச் செய்கிறாள் என்று அறிய எனக்கே ஆசையாக இருந்தது.

இருபத்தெட்டாவது ரவுண்டு செவ்வாய்க்கிழமை. மீசை நாள். அன்று நான் சுவரை விட்டுவிட்டு என் கையைக் கவனித்தேன்.

பாறையில் அங்கங்கே அளவுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். விரல் தடிமன்கூட இல்லாத கம்பி. பாறையிலிருந்து சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர். கான்கிரீட் ஏற ஏறக் கம்பி குட்டையாகும். அதன் நுனி மறைந்ததும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். அன்று நுனி மறைந்தது, நிறுத்தினேன். அடுத்த கம்பி, மறைந்தது, நிறுத்தினேன். உச்சிக் கூரைவரை அப்படியே. கை ஒரு சிக்கலும் பண்ணவில்லை. இறுகி முடிந்ததும், நாங்கள் யாரும் போவதற்கு முன் மீசை தன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் புதுக் கூரைக்கு நடுவில் போய் நின்றார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஸ்கேனரைத் திருகினார். நான் கையுறையைக் கழற்றி மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

அப்போதுதான் புரிந்தது. புதிதாக அடித்த கூரைக்குக் கீழே முதலில் போய் நிற்பது சர்வேயர்.

வியாழக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி மறைந்த பிறகும் என் கை நிற்பதில்லை. இன்னும் ஒரு சுற்று. போதும் என்று தோன்றும்போது, அதற்கு மேல் இன்னொரு அரைச் சுற்று. அவள் ஹெல்மெட்டுக்கு நேர் மேலே வரும் இடத்தில் ரொம்பத் தாராளம். மீசையின் தலையைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை போலிருக்கிறது. நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள். அவருக்குப் பதினைந்தே போதும் என்று என் கை தானாகவே தீர்மானித்திருந்தது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

டீ நேரத்தில் கொட்டாவியிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அண்ணே, கனம் கூட இருந்தா பாதுகாப்புதானே?"

"யாரு சொன்னா? ஈரத்துல ஒரேயடியா கனத்தை ஏத்தினா, தன் கனத்துக்கே பிடுங்கிட்டு வரும். முன்னாடி ஒரு எடத்துல கட்டில் அளவுக்குக் கழண்டு விழுந்துச்சு. நல்லவேளை, கீழ இருந்தது ஒரு தள்ளுவண்டி." ஒரு கொட்டாவி விட்டு முடித்தார். "உனக்குத் தெரியாததா? நீதானே பரீட்சையில எழுதின."

எழுதியிருந்தேன். அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எழுதியது தலை. ஆட்டுவது கை. அவை இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி.

இதைப் பாசம் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். நானும் ஒரு அரை மணி நேரம் அப்படி நினைத்து என்னை மெச்சிக்கொண்டேன். கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, சண்டைக்கார நாத்தனாரை உள்ளுக்குள் உயிராக நேசிக்கும் அண்ணி என்று. ஆனால் குழாய் கழுவும்போது வேறொன்று மேலே வந்தது. கல்யாணமான முதல் வருஷம், ஏதோ ஒரு சண்டையில், நான் சமையலறைச் சுவரைப் பார்த்து மனசுக்குள் ஒரு வாக்கியம் சொன்னேன். இவள் ஒழிந்தால் தேவலை. ஒரே ஒரு தடவைதான். சத்தமாகக்கூட இல்லை. அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல், மூன்று நாளில் போய்விட்டது. நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், பயந்துபோய், தேவைக்கு மேல் மூன்று பாத்திரம்.

அந்த நாலு சென்டிமீட்டரில் பாசம் எவ்வளவு, அந்த வாக்கியத்துக்கான அபராதம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஏதாவது நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் ஒரு சென்டிமீட்டராவது இருக்கும். எல்லாம் ஒன்றாகக் கலந்து, மருந்தும் சேர்ந்து, எப்போதோ இறுகிவிட்டது.

புதன்கிழமை இருபத்தொன்பதாவது ரவுண்டு. மீசை. பச்சை.

கடைசி ரவுண்டு வியாழக்கிழமை. புதன் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் துடைக்கும்போது நாத்தனாரிடம் கேட்டேன்.

"நாளைக்கு மட்டும் மீசையோட ஷிஃப்ட் மாத்திக்கறியா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது ஷிஃப்ட் மாத்துவாங்களா? மீசை அவர் பையனைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாரு. நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் தேதி கிடைச்சிருக்கு. காரணம் சொல்லுங்க, கேக்கறேன்."

காரணத்தில் எந்தப் பாதியைச் சொல்வது என்று தெரியவில்லை. தட்டை ஏற்கனவே துடைத்திருந்தேன், மறுபடி துடைத்தேன்.

"நீ கீழ நிக்கப் போறேன்னா என் கை நிக்க மாட்டேங்குது."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "ம்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வெடித்தாள்.

நான் செய்தது இவ்வளவுதான்: காய்ந்த துணிகளை மடித்து அவள் அறையில் வைக்கப் போனேன். பதினோரு வருஷமாகப் போகிறேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கதவுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"துணி வெக்க வந்தேன்."

"தட்டிட்டு வரலாம்ல? ஒரு நாளாவது தட்டியிருக்கீங்களா? நான் போன் பேசறப்போ வரீங்க. தூங்கறப்போ வரீங்க. போன வாரம் அழுதுக்கிட்டிருந்தேன், அப்பவும் வந்தீங்க, வந்து போர்வை ஒண்ணு எடுத்துப் போத்திட்டுப் போனீங்க. எனக்குக் குளிரவே இல்ல." சீப்பை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "என் துணியை நான் மடிக்க மாட்டேனா? என் பையில எனக்குத் தெரியாம ரெண்டாவது சாப்பாட்டு டப்பா யாரு வெக்கச் சொன்னா? மழை வரும்னு என் குடையை எடுத்து வெக்கறீங்களே, வானத்தை எனக்குப் பாக்கத் தெரியாதா? நான் சர்வேயர் அண்ணி. ஒரு மலையையே அளக்கறேன். இந்த அறைக்கு நான் தாழ்ப்பாள் போடப் போறேன்."

"என் வீட்டுல தாழ்ப்பாளா?"

"பாத்தீங்களா. என் வீடுன்னு வந்துடுச்சு வாயில."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் கணவர் பல் தேய்க்காமல்கூட உள்ளே போய்விட்டார்.

வேனில் நான் முன் இருக்கையிலும் அவள் கடைசி இருக்கையிலும் உட்கார்ந்து போனோம். மடித்த துணி இன்னும் என் மடியில் இருந்தது. வைக்க மறந்து கையோடு கொண்டு வந்திருந்தேன். அவளுடைய இரண்டு சட்டைகள், ஒரு துண்டு.

அன்று நான் அடித்ததை அடித்தல் என்று சொல்வதைவிடத் திட்டுதல் என்று சொல்லலாம். இடது சுவரில் ஆரம்பித்தேன். போர்வை போத்தினேன், தப்பு. கம்பி மறைந்தது. டப்பா வைத்தேன், அதுவும் தப்பு. அடுத்த கம்பி மறைந்தது. குடை. மறைந்தது. ஒரு கம்பிக்கு மேலேயும் ஒரு சொட்டு கூடுதலாகப் போடவில்லை, போடுவேனா. காதில் மாட்டியிருந்த ரேடியோவில் கொட்டாவியின் குரல் வந்தது.

"தங்கச்சி, கலவை வேகமா போகுது. சுவரோட ஏதாவது தகராறா?"

"பம்ப்பைப் பாருங்கண்ணே."

"பாக்கறேன், பாக்கறேன். நான் ஏன் நடுவுல வரேன்."

இரண்டு சுவரும் முடிந்து தோள் பகுதி ஏறி, உச்சிக்கு வந்தேன். அங்கே இரண்டு தடவையாகத்தான் அடிக்க வேண்டும், பாதி அடித்து அது பிடித்த பிறகு மீதி. முதல் பாதி போனது. காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் கோபம் இறங்கும் நேரமும் இருந்தது. இரண்டாவது பாதியில் நடுக் கம்பியின் நுனி மறையும்போது, அவள் மஞ்சள் ஹெல்மெட்டும் ஸ்டாண்டும் அதற்கு நேர் கீழே நிற்கப்போவது தெரிந்தது. அழுதாள் என்றாளே. எதற்கு அழுதாள் என்று நான் அன்று கேட்கவே இல்லை; போர்வையைப் போத்திவிட்டு அடுப்பைப் பார்க்க வந்துவிட்டேன். கை அசைந்தது. நுனி மறைந்துவிட்டது, கை நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று.

அப்போது ஒன்று உறைத்தது. நேற்று ராத்திரி 'ம்' என்றாள். இன்று காலை விடிந்ததும் விடியாததுமாகச் சண்டை. டீ குடிக்கும் முன் அவள் இதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இன்று விரல் விட்டு எண்ணினாள், மனப்பாடம் பண்ணியவள் மாதிரி. என் கை நிற்காது என்று தெரிந்துகொண்டு, என்னைக் கோபப்படுத்தி அனுப்பியிருக்கிறாள். கோபத்தில் போனால் கூடுதலாக அள்ளிப் போட மாட்டேன் என்று அளந்து பார்த்திருக்கிறாள். சர்வேயர் புத்தி. தாழ்ப்பாளாம், என் வீடாம். என்ன நடிப்பு.

முகமூடிக்குள் தனியாகச் சிரித்தேன். எனக்காக இவ்வளவு பொய் சொல்லியிருக்கிறாள். நான் இங்கே ஒரு சுற்றுக் கூடப் போட்டு அத்தனையையும் வீணாக்குவதா. பிடியை விட்டேன். இயந்திரக் கை அப்படியே நின்றது. மருந்தை நிறுத்தினேன். கலவையை நிறுத்தச் சொன்னேன்.

"முடிஞ்சுதா?" என்றார் கொட்டாவி.

"முடிஞ்சுது."

"நெசமா? இன்னொரு சுத்து வேணாமா?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இறுகுவதற்குக் காத்திருந்தோம். ஃபோர்மன் ஊசிக் கருவியைக் கம்பத்தில் கட்டிக் கூரையில் பல இடங்களில் அழுத்தி, எண்ணைப் படித்துத் தலையை ஆட்டினார். நாத்தனார் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நடுக் கம்பிக்கு நேர் கீழே ஸ்டாண்டை நட்டு, காலை அகட்டி நின்று, ஸ்கேனரைத் திருகினாள். மேலே பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து சென்டிமீட்டர். அது எவ்வளவு மெல்லியது என்று எனக்கு அதுவரை தெரியாது. அது போதும் என்பதும் தெரியாது. ஸ்கேனர் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க ஆறு நிமிஷம்.

படம் லேப்டாப்பில் மெதுவாக நிறைந்தது. இடது சுவர் பச்சை. வலது சுவர் பச்சை. தோள் பச்சை. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள்.

ஃபோர்மன் அதன் மேல் விரலை வைத்தார். "இது என்ன?"

அந்த ஒரு சுற்று.

"பதினாறே முக்கால்," என்றாள் நாத்தனார். "ஒண்ணே முக்கால் கூட. ரெண்டு வரைக்கும் கண்ணை மூடிக்கறேன்னு சொன்னது நீங்கதானே? மூடுங்க."

"அது சரி. ஆனா மஞ்சள்..."

"மஞ்சள் செவப்பு இல்ல சார். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். பன்னெண்டு தடவை பாத்திருக்கேன்."

ஃபோர்மன் காகிதத்தை வாங்கி முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை, உதறி, ஊதி, என் பேனாவை வாங்கிப் போட்டார். கொட்டாவி பம்ப் மேல் உட்கார்ந்தபடியே கைதட்டினார், பாதியில் கொட்டாவி வந்து நின்றுவிட்டது.

எல்லோரும் நகர்ந்ததும் அவளிடம் போனேன். ஸ்டாண்டின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் தலைக்கு மேலும் என் கூரை.

"தேங்க்ஸ்மா," என்றேன்.

"எதுக்கு? நீங்கதானே அடிச்சீங்க."

"காலையில போட்டியே ஒரு நாடகம். அதுக்கு. அந்தக் கோபம் இல்லன்னா இன்னிக்கு நான் தேறியிருக்க மாட்டேன். உச்சியில வந்தப்போதான் புரிஞ்சுது, நீ வேணும்னுதான் சண்டை போட்டேன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த நாடகம்?"

"அதான், கதவு, தாழ்ப்பாள்..."

"அண்ணி." தோள்பையைத் திறந்து உள்ளே துழாவினாள். நான் வைத்த இரண்டாவது டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அதற்கும் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பளபளவென்று ஒரு தாழ்ப்பாள், கூடவே ஸ்க்ரூக்கள். "போன சனிக்கிழமையே வாங்கிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன். நேத்து நீங்க அப்படிச் சொன்னதும் சொல்லவே தோணல. காலையில நீங்க மறுபடி தட்டாம வந்ததும், மனசுல ஒரு வாரமா வெச்சிருந்ததெல்லாம் வந்துடுச்சு."

"அப்போ அதெல்லாம் நிஜமா?"

"ஒவ்வொண்ணும்."

எனக்குக் கோபம் வர வேண்டும். காலையில் வந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன்; இடது சுவரில் போய் இறுகிவிட்டது போலிருக்கிறது. பொய்யான ஒன்றை நம்பி என் கை நின்றிருக்கிறது. என்ன ஆனாலும் நின்றுவிட்டது. காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது. அவள் என் எதிரில் உயிரோடு நின்று, என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"இதை யாரு மாட்டப் போறா?"

"அண்ணன்கிட்ட சொல்லலாம்னு."

"உங்கண்ணன் மாட்டினா கதவு சுத்த ஆரம்பிச்சுடும். அந்தச் சட்டம் பழைய மரம், ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்தினா பிளந்துக்கும். ஞாயித்துக்கிழமை நான் டிரில் எடுத்துட்டு வந்து மாட்டித் தரேன்."

அவள் சிரிப்பை அடக்குவது உதட்டில் தெரிந்தது. உறையை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். டப்பாவை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

"வாங்க. தட்டிட்டு வாங்க."